அறுபதாயிரத்தில் ஒரு கபடிக் கேமரா

அக்கா மகனுக்குத் துரைப்பாக்கத்தில் வேலை. மாலையில் ஆபீஸ் விட்டதும் பக்கத்துக் கண்ணகி நகருக்குப் போய்க் கபடிப் பயிற்சியைப் பார்த்துவிட்டு வருவது அவன் வழக்கம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றதே, அந்த அணியின் துணைத் தலைவி கண்ணகி நகர்ப் பெண்தான். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவனுக்குப் படம் எடுக்கும் ஆசை வந்தது அதற்கு அப்புறம்.

“மாமா, கையில அறுபதாயிரம் இருக்கு. ஓடுறவங்கள எடுக்குற மாதிரி ஒரு கேமரா சொல்லுங்க” என்றான். கபடிதான் முதல் தேவை. கூடவே ஞாயிறு காலை நண்பர்களின் கிரிக்கெட், எப்போதாவது கோவளத்தில் அலைச்சறுக்கு, ஒரு தடவையாவது இருங்காட்டுக்கோட்டையில் பைக் ரேஸ். பட்டியல் நீண்டுகொண்டே போனது. பணம் அதே அறுபதாயிரம்தான்.

அவனுக்குச் சொல்வதற்கு என்னிடம் ஒரு பழைய காயம் இருந்தது. முதன்முதலில் ஒரு மின்னொளிக் கபடிப் போட்டிக்குப் போனபோது என் கையில் இருந்தது ஒரு தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரும் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) அதோடு வந்த இரண்டு கிட் லென்ஸும். நானூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் நடுவர் மட்டும் தெளிவாக இருந்தார். ஆட்டம் முழுக்க அசையாமல் நின்றவர் அவர் ஒருவர்தான்.

அன்று கேமராவைத் திட்டினேன். தப்பு வேறு இடத்தில் இருந்தது. வெளிச்சம் போதாமல் கேமரா ஷட்டரை (ஒளியை உள்ளே விடும் கதவு) 1/60 நொடிக்கு இறக்கிவிட்டது. நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் ஓடுகிற ஒருவர் அந்த 1/60 நொடியில் பத்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். படத்தில் முகம் இருக்கிற இடத்தில் ஒரு கோடுதான் மிஞ்சும். 1/1000 நொடியில் அதே ஆள் நகர்வது ஆறு மில்லிமீட்டர். ஓட்டம் உறைந்து நிற்கும். கபடியில் உடல் ஓடுவதைவிடக் கை வீசுவது வேகம். அதனால் 1/640-க்குக் கீழே நான் இறங்குவதில்லை.

சரி, ஷட்டரை நாமே 1/640-ல் வைத்துவிட்டால்? வெளிச்சத்துக்கு எங்கே போவது? சென்னை வெயிலில் யாரும் நண்பகலில் விளையாடுவதில்லை. காலை ஆறிலிருந்து ஒன்பது, இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கபடியோ பெரும்பாலும் விளக்கு போட்ட பிறகுதான் சூடுபிடிக்கும். ஆக, இந்த ஊரில் விளையாட்டுப் படம் எடுக்கிறவருக்கு முதல் எதிரி இருட்டு. கேமரா விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடுகிற மெகாபிக்சல் இந்த இடத்தில் ஒரு உதவியும் செய்யாது.

உதவி செய்வது லென்ஸின் வாய். அதன் அளவைச் சொல்வது எஃப் எண். எண் சிறியதானால் வாய் பெரிது. கிட்டோடு வரும் 55–250 மி.மீ. (இந்த எண் பெரிதானால் தூரத்து ஆள் பெரிதாகத் தெரிவார்) லென்ஸ் ஜூம் செய்த நிலையில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 2.8 லென்ஸ் அதைப்போல நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், எஃப் 1.8 என்றால் கிட்டத்தட்ட பத்து மடங்கு. நாலு கம்பத்தில் விளக்கு கட்டிய ஒரு கபடி மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப் 5.6-ல் 1/640 நொடி கிடைக்க ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) 12,800 தேவைப்பட்டால், எஃப் 2.8-ல் 3,200 போதும், எஃப் 1.8-ல் 1,300 போதும். முதல் படத்தில் முகமெல்லாம் ரவை தூவியதுபோல் இருக்கும். மூன்றாவதை அச்சடித்துச் சுவரில் மாட்டலாம். அறுபதாயிரத்தில் ஒரு பங்கை முதலில் லென்ஸுக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) தேடு என்று அவனிடம் சொன்னேன். கடைக்காரர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள்.

ரிச்சி தெருவில் ஒரு கடையில் “ஆக்‌ஷன் எடுக்க கேமரா” என்று கேட்டோம். பையன் சிரித்த முகத்தோடு கோப்ரோவை எடுத்து மேஜையில் வைத்தான். அவன் மேல் தப்பில்லை. ஆக்‌ஷன் கேமரா என்றால் இப்போது அதுதான். அலைச்சறுக்குப் பலகையிலோ ஹெல்மெட்டிலோ மாட்டிக்கொண்டு, விளையாடுகிறவரே எடுக்கும் கருவி அது. அகன்ற கோணம். ஓரத்தில் உட்கார்ந்து எடுத்தால் ரெய்டர் எறும்பு சைஸில் தெரிவார்.

செல்போனைப் பற்றியும் கேட்டான். நல்ல வெயிலில், பக்கத்தில் நின்று எடுக்க நல்ல போன் போதும். பொய் சொல்ல வேண்டியதில்லை. இருட்டியதும் போன் பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு படம் செய்கிறது. அசையாத கோபுரத்துக்கு அந்த வித்தை அழகாக வேலை செய்யும். ஓடுகிற காலுக்குச் செய்யாது.

அப்புறம் அந்த நீள மூக்கு ஜூம் கேமராக்கள். நிக்கான் பி900, பி1000 போன்றவை. பி1000-ன் ஜூம் 3000 மி.மீ.க்குச் சமம். மொட்டை மாடியிலிருந்து நிலாவின் குழிகளை எண்ணலாம். ஆனால் உள்ளே இருப்பது போன்களில் இருப்பதைப் போன்ற சின்ன சென்சார் (ஒளியை வாங்கும் சில்லு). மாலை ஆறு மணிக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. இந்த இனத்தில் ஓட்டத்தை விரட்டிப் பிடிக்கக்கூடியது சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4: ஒரு அங்குல சென்சார், 24–600 மி.மீ., நொடிக்கு 24 படம். விலையைக் கேட்டதும் இருவரும் அடுத்த கடைக்கு நடந்தோம்.

உண்மையான போட்டி மூன்று வகைக்கு நடுவில்தான்: புதிய தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர், புதிய மிரர்லெஸ் (அந்த உள்கண்ணாடி இல்லாத கேமரா), செகண்ட் ஹேண்டில் வாங்கும் பழைய பெரிய டிஎஸ்எல்ஆர்.

முதலாவதை நான் ஒரே வரியில் தள்ளிவிடுவேன். கேனான் 1500டி டபுள் லென்ஸ் கிட் பார்க்கப் பெரிய டப்பா, பை எல்லாம் இலவசம். நொடிக்கு மூன்று படம், ஒன்பது போகஸ் புள்ளி, அதிலும் நடுப்புள்ளி ஒன்றுதான் நம்பத் தகுந்தது. பிறந்தநாள் விழாவுக்கு வாங்குங்கள்.

மிரர்லெஸ்ஸில் கதை வேறு. கேனான் ஆர்10 (2022) மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 15 படம் எடுக்கும். அதைவிட முக்கியம், ஆளின் கண்ணையும் தலையையும் தானே அடையாளம் கண்டு பின்தொடரும் போகஸ். எனக்கு அந்தப் பழைய நானூறு படம் ஞாபகம் வந்து பெருமூச்சு விட்டேன். எடை 429 கிராம். ஒரு கையில் தூக்கிக்கொண்டு கோட்டோரம் ஓடலாம். எலக்ட்ரானிக் ஷட்டரில் 23 படம் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அதை விளையாட்டுக்குத் தொடாதீர்கள். சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் பேட் வாழைத்தண்டுபோல் வளைந்துவிடும். எல்இடி விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழும்.

ஆர்10-ன் குறை பணம். நாங்கள் கேட்ட இடங்களில் பாடியே அறுபதாயிரத்தைத் தாண்டி நின்றது. அதற்கென்று வரும் மலிவான 55–210 மி.மீ. லென்ஸோ எஃப் 5–7.1, அதாவது இருட்டில் எனது பழைய கிட் லென்ஸைவிட மோசம். நல்ல பாடி, கெட்ட லென்ஸ். பட்ஜெட்டுக்குள் வருவது ஆர்50 (2023). போகஸ் அறிவு ஏறக்குறைய ஆர்10 அளவுக்கே, நொடிக்கு 12 படம், 375 கிராம். ஆனால் அதில் அளவுகளை மாற்றும் சக்கரம் ஒன்றுதான். ஆட்டத்தின் நடுவே ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் மாற்ற விரல் தடுமாறும். ரா பைலில் (சுருக்காத பெரிய கோப்பு) சுட்டால் சீக்கிரம் மூச்சு வாங்கி நிற்கும். ஜேபெக் எடுத்தால் சமாளிக்கலாம். அதைவிட மலிவாக ஆர்100 என்று ஒன்றும் அதே அலமாரியில் இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஓடுகிறவரைத் தொடரும் போகஸில் அது நொடிக்கு 3.5 படம்தான் எடுக்கும்.

சோனி ஏ6400 (2019) பிடித்திருந்தது என்று அவன் சொன்னான். நொடிக்கு 11 படம், பின்தொடரும் போகஸ் அந்தக் காலத்திலேயே பிரமாதம். பேட்டரிதான் குட்டி, இரண்டு மூன்று கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். வாய் அகன்ற டெலி (தூரத்தை நெருக்கிக் காட்டும்) லென்ஸ்களின் விலையும் நம் கைக்கு எட்டாது. அதனால் விட்டோம்.

மூன்றாவது வகைக்கு வருவோம். நான் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். ஒரு காலத்தில் பத்திரிகைப் போட்டோகிராபர்கள் தோளில் தொங்கிய கேமராக்கள் இப்போது மிரர்லெஸ்ஸுக்கு வழிவிட்டு அலமாரியில் கிடக்கின்றன. கேனான் 7டி மார்க் 2 (2014): நொடிக்கு 10 படம், 65 போகஸ் புள்ளி, அத்தனையும் குறுக்கு வகை (கிடையாகவும் செங்குத்தாகவும் பார்த்துப் பிடிப்பவை), இரண்டு கார்டு, தூசும் சாரலும் எளிதில் புகாத உடம்பு. நிக்கான் டி500 (2016): அதுவும் நொடிக்கு 10 படம், 153 புள்ளி, இருட்டில் கேனானைவிட ஒரு படி சுத்தமான படம். இரண்டில் எது உசத்தி என்று கேட்டால் டி500 என்றுதான் சொல்வேன். ஆனால் செகண்ட் ஹேண்டிலும் அது தன் விலையை விட்டுக்கொடுப்பதில்லை. பாடிக்கே பட்ஜெட் முழுக்கப் போய்விடும். எங்களிடம் சொன்ன விலையில் 7டி மார்க் 2 நாற்பதாயிரத்தை ஒட்டி வந்தது. லென்ஸுக்கு இருபது மிச்சம்.

டி500 வாங்க முடியாதவர்கள் நிக்கானிலேயே டி7200, டி7500 பார்ப்பார்கள். டி7200 (2015) மலிவு, நல்ல சென்சார், நொடிக்கு 6 படம். பகல் கிரிக்கெட்டுக்கு அதுவே தாராளம். கபடிக்கு ஒரு சிக்கல் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மைதானத்து விளக்குகள் பல நொடிக்கு நூறு தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது. 1/640 நொடியில் தொடர்ந்து பத்து படம் எடுத்தால் ஒன்று பளிச், அடுத்தது மங்கல், அதற்கடுத்தது மஞ்சள். ரெய்டர் கோட்டைத் தொட்ட படம்தான் மங்கலாக விழும். இது என் ஜாதக பலன். விளக்கு உச்சத்தில் இருக்கும் கணம் பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதி 7டி மார்க் 2, டி500, டி7500, ஆர்10 ஆகியவற்றில் உண்டு. டி7200-ல் போட்டோவுக்கு அது கிடையாது. விளக்கு வெளிச்சத்தில் எடுக்கிறவர் இந்த ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொண்டு வாங்கினால் பாதித் தலைவலி போய்விடும்.

பழைய டிஎஸ்எல்ஆருக்கு எதிராகச் சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. 7டி மார்க் 2-ன் எடை 910 கிராம். கண்ணைத் தேடிப் பிடிக்கும் புத்தி வியூபைண்டர் வழியாகப் பார்க்கும்போது இல்லை. போகஸ் புள்ளியை ஆள் மேல் வைத்து விரட்டுவது உங்கள் வேலை. பழக ஒரு மாதம் ஆகும். கேனான் தன் உயர்தர டிஎஸ்எல்ஆர் வரிசையை 2020-ல் வந்த 1டி எக்ஸ் மார்க் 3-ஓடு முடித்துக்கொண்டது. இனி இந்த இனத்தில் குழந்தை பிறக்காது. உதிரிப் பாகங்கள் வருஷா வருஷம் அரிதாகும். ஐந்து வருஷம் ஓடினால் போதும் என்று நினைக்கிறவருக்கே இது சரி.

லென்ஸுக்கு மிச்சமிருந்த இருபதாயிரத்தில் என்ன வாங்குவது? கபடிக் களத்தை அளந்து பார்த்தால் பதில் வந்துவிடும். பெண்களுக்கான களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். கடைசிக் கோட்டுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தால் ஆட்டம் நடப்பது நம்மிடமிருந்து ஐந்து முதல் பத்து மீட்டருக்குள். கேனானின் ஏபிஎஸ்-சி சென்சாரில் (7டி மார்க் 2, ஆர்10 போன்றவற்றில் இருக்கும் அளவு) 85 மி.மீ. லென்ஸ் போட்டால் பத்து மீட்டர் தூரத்தில் படத்தின் நீளப் பக்கம் ஏறக்குறைய 2.6 மீட்டரை அடக்கும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் கை தூக்கிய ஆள் கச்சிதமாக உள்ளே நிற்பார். கேனான் இஎஃப் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 1992-லிருந்து இருக்கிறது. சட்டென்று போகஸ் ஆகும். பழையதாகத் தாராளமாகக் கிடைக்கிறது. முப்பது வயது டிசைன் என்று முகம் சுளிக்காதீர்கள். பின்னால் மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் அடாப்டர் போட்டு ஆர்10-ல் இதையே மாட்டலாம். கடைசியில் கேனான் பக்கம் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பத்துப் பதினைந்தாயிரம் புரட்ட முடிந்திருந்தால் 1995-ல் வந்த 70–200 எஃப் 2.8 லென்ஸைச் சொல்லியிருப்பேன், அதுவும் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஐஎஸ் வசதி இல்லாத பழைய மாடலை. 1/640-ல் சுடுகிறவருக்குக் கை நடுக்கம் ஒரு பொருட்டே இல்லை. அந்த வசதிக்குத் தனிக் காசு எதற்கு?

கிரிக்கெட்டுக்கு 85 மி.மீ. பத்தாது. எல்லைக் கோட்டிலிருந்து பேட்ஸ்மேன் அறுபது மீட்டர் என்றால் 250 மி.மீ.யில் படத்தின் உயரம் மூன்றரை மீட்டர். ஆள் பாதி அளவுக்குத் தெரிவார், வெட்டிக்கொள்ளலாம். 400 மி.மீ. என்றால் அளவாக இருக்கும். காலை வெயிலில் எஃப் 5.6 போதுமென்பதால் பழைய 55–250 எஸ்டிஎம் லென்ஸ் ஒன்றை மலிவாகப் பார்த்து வை, மீதி ஞாயிறுகளுக்கு வாடகைக்கு எடு என்றேன். வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் பக்கம் சினிமாக்காரர்கள் புண்ணியத்தில் வாடகைக் கடைகளுக்குக் குறைவில்லை. அசல் அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். எடுக்கும்போதே கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று அவர்கள் முன்னால் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது பழைய கீறலுக்கு நான் ஒருமுறை தண்டம் கட்டியிருக்கிறேன். சேப்பாக்கம் ஆசையையும் அங்கேயே இறக்கி வைக்கச் சொன்னேன். ஐபிஎல்லுக்கு டிக்கெட் வாங்கிப் போகிறவரை இந்தக் கேமராவோடு வாசல் தாண்ட விடமாட்டார்கள்.

கோவளத்தில் கேமராவைவிடக் கடிகாரம் முக்கியம். நம் கடல் கிழக்கே. காலையில் கரையில் நின்றால் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். அலையில் நிற்கிறவர் கறுப்பு நிழலாகத்தான் விழுவார். அந்த நிழல் அழகுதான், முகம் வேண்டுமென்றால் மதியத்துக்கு மேல் போக வேண்டும். உப்புக் காற்றில் ஒரு மணி நேரம் நின்றால் லென்ஸில் பிசுபிசுப்பு ஒட்டும். 7டி மார்க் 2 போன்ற உடம்பு அங்கே நிம்மதி. ஆர்50-ஐ அங்கே கொண்டுபோவதானால் ஒரு பிளாஸ்டிக் உறையாவது போடுங்கள்.

இருங்காட்டுக்கோட்டைக்கு எந்தக் கேமராவும் போதும் என்பது என் கட்சி. சோழவரத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் மைதானம் அது. ஓடுபாதை 1990-ல் திறந்தது. பைக்கை 1/1000-ல் உறைய வைத்தால் நிறுத்தி வைத்த பைக்போல் இருக்கும். 1/125-க்கு இறக்கிவிட்டு, பைக்கோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பிக்கொண்டே சுட வேண்டும். பின்னணி கோடுகளாக ஓடும், பைக் மட்டும் நிற்கும். வேண்டியது இடுப்புப் பழக்கம். 1500டியை நான் திட்டினேனே, அதற்கும் அங்கே இடமுண்டு.

இனி வாங்கும் படலம். பழைய கேமராவில் ஷட்டர் எத்தனை தடவை திறந்து மூடியது என்பதுதான் கிலோமீட்டர் கணக்கு. நிக்கானில் எடுத்த படத்தின் தகவலுக்குள்ளேயே அந்த எண் இருக்கும். 7டி மார்க் 2-வில் அப்படித் தெரியாது. கேபிள் போட்டு மென்பொருளில் பார்க்க வேண்டும். விற்கிறவர் “கம்மியாத்தான் ஓடிருக்கு தம்பி” என்றால் லேப்டாப்பைத் திறங்கள். இந்த மாடலின் ஷட்டருக்கு நிறுவனம் சொல்லும் ஆயுள் இரண்டு லட்சம். ஒரு லட்சத்துக்குள் இருந்தால் பேசலாம்.

லென்ஸில் பார்க்க வேண்டியது பங்கஸ். கடலோர ஈரத்தில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில் பைக்குள்ளேயே கிடந்த லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கும். செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் வழியாகச் சாய்த்துப் பாருங்கள். தூசு இருந்தால் பரவாயில்லை, வலை இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். நீங்கள் வாங்கியதையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். துணிப் பைக்குள் வைத்து பீரோவில் பூட்டுவதுதான் பூஞ்சைக்குப் போடும் விருந்து.

போகஸைச் சோதிக்க கடைக்குள் ஒன்றும் ஓடாது. நாங்கள் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு அண்ணா சாலை ஓரத்தில் நின்று, எதிரே வந்த மாநகரப் பேருந்துகளைப் பத்துப் பத்துப் படமாகச் சுட்டோம். அவர் கேமராவை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பேருந்தின் பதிவெண் பத்தில் எட்டுப் படத்தில் தெளிவாக இருந்தது. 7டி மார்க் 2-வை வாங்கிவிட்டோம்.

ஆட்டக்காரர்கள் பலரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்பதால், படம் எடுக்கும் முன் பயிற்சியாளரிடமும் வீட்டாரிடமும் கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கேட்டிருக்கிறான். முதல் மாலையில் அறுநூறு படம், அதில் தேறியது ஒன்பது. ஒன்றில் ஒரு பெண் மூன்று பேர் பிடியில் தொங்கிக்கொண்டே விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொடுகிறாள். விரலுக்குக் கீழே மண் எழும்புவதுகூடத் தெரிகிறது. அவள் அம்மா அதை பிரேம் போட்டுக் கேட்டிருக்கிறாராம். அறுபதாயிரமும் தீர்ந்துவிட்டது, பிரேமுக்கு நீங்கள்தான் மாமா என்று நேற்று போன் செய்தான்.